பெரியம்மா காய்ச்சிய திராட்சரசம்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்து. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரியே பெரியம்மா அரைக்கிலோ கறுப்பு உலர்திராட்சையைக் கழுவி ஊறப்போட்டுவிடுவாள். சனிக்கிழமை மத்தியானம் அந்தச் சட்டியை ஐயரம்மா வீட்டு அடுப்பங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். பின்னாலேயே நானும் போவேன். ஊறின தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, தோல் வெடித்து நிறம் இறங்கும்வரை கொதிக்கவிட வேண்டும். ஆறினதும் கையால் பிசைந்து, வெள்ளை மல் துணியில் வடிகட்டி, மறுபடியும் ஒரு கொதி. சீனி கொஞ்சம்தான். “சீனி கூடுனா ரசனா மாதிரி ஆயிரும்” என்பாள். வடிகட்டின சக்கை எனக்கு. விரல் நுனியெல்லாம் ஊதா நிறமாகி ஞாயிற்றுக்கிழமையும் போகாது.

இந்த வேலையை ஐயரம்மாதான் செய்ய வேண்டும் என்பது எங்கள் சேகரத்து வழக்கம். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. ஐயர்கள் மூன்று வருஷத்துக்கோ நான்கு வருஷத்துக்கோ ஒருமுறை மாறுவார்கள். புதிதாக வரும் ஐயரம்மா ஒரு தடவை காய்ச்சிப் பார்ப்பார். ஒன்று தண்ணீராக இருக்கும், அல்லது அடிபிடித்திருக்கும். அடுத்த மாதம் பெரியம்மாவுக்கு ஆள் வரும்.

பெரியம்மா தையல் டீச்சர். அல்தார் விரிப்புகள், சின்னப் பிள்ளைகள் பாட்டுக்குழு அங்கிகள், அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விடும் தலையணை உறைகள் எல்லாம் அவள் மிஷினில் தைத்தவை. அடுப்பு பற்றவைக்கும் போதெல்லாம் பிடியரிசிப் பானையில் ஒரு கை போட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். சங்கக் காணிக்கை பாக்கி வைத்ததே இல்லை. ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எல்லோரும் வரிசையாக எழுந்து அல்தார் கிராதிக்குப் போய் முழங்கால்படியிடும்போது அவள் மட்டும் கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பாள். சின்னப் பிள்ளைகளும் போக முடியாது என்பதால், என்னை அங்கே அவளுக்குத் துணையாக விட்டுவிட்டு அம்மா போவாள். நானும் பெரியம்மாவும் ஒரே வகை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் வளர்ந்து போவேன், அவளும் ஏதோ ஒரு நாள் வளர்ந்து போவாள்.

1990இல் எனக்குத் திடப்படுத்தல் ஆனது. வெள்ளைத் தாவணி கட்டி, தலையில் முக்காடிட்டு, முதல்முறையாகக் கிராதியில் முழங்காலிட்டேன். கிண்ணம் உதட்டுக்கு வந்தபோது அதில் இருந்தது முந்தின நாள் நான் சக்கை தின்ற அதே ரசம். திரும்பி வரும்போது கடைசிப் பாயைப் பார்த்தேன். பெரியம்மா எனக்காகச் சிரித்தாள்.

அன்று ராத்திரி கேட்டேன், “நீங்க ஏன் பெரியம்மா வரல?”

“எனக்கு இல்லட்டி.”

“ஏன்?”

“ஏட்டி, படுத்து ஒறங்கு.”

மீதியை அம்மா சொல்லித் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவுக்கு 1969இல் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளை நல்ல விசுவாசக் குடும்பம், வேலையும் உண்டு. அடிப்பார். மூன்று வருஷம் பொறுத்து, இடது கை மணிக்கட்டு உடைந்த பிறகு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மிஷினில் துணியைத் திருப்பும்போது அந்தக் கை லேசாகக் கோணும். அதை நான் தையல்காரர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

விவாகரத்து வாங்கியிருக்கலாமே என்று கல்லூரிக்குப் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். கிறிஸ்தவர்களின் விவாகரத்துக்கு அப்போது இருந்தது 1869ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். கணவன் மனைவியை விலக்க, அவள் வேறொருவனோடு உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. அவன் வேறொருத்தியோடு உறவு வைத்திருந்தான் என்பதோடு, கொடுமைப்படுத்தினான் என்றோ இரண்டு வருஷம் கைவிட்டுப் போனான் என்றோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடித்தான், கையை உடைத்தான் என்பதற்குப் பிரிந்து வாழும் உத்தரவு கிடைக்கும், மறுமணம் செய்ய முடியாது. பெரியம்மாவை அடித்தவருக்கு வேறு பெண் சகவாசம் இல்லை. அவரது ஒழுக்கம் அவளுக்குப் பூட்டாக ஆனது. மாவட்ட நீதிமன்றம் விடுதலை கொடுத்தாலும் அதை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. தையல் டீச்சர் சம்பளத்தில் சென்னைக்கு எத்தனை தடவை ரயில் ஏற முடியும்?

1981இல் அவள் பெரியப்பாவோடு வாழப்போனாள். மனைவியை இழந்தவர், கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, அதே பள்ளிக்கூடத்தில் எழுத்தர். முதல் கல்யாணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் முடியாது. ஆகவே தாலி இல்லை, மோதிரம் இல்லை, மூன்று முறை வாசிக்கும் ஓலையும் இல்லை. அந்த மாதமே கமிட்டி கூடி அவளைத் திருவிருந்திலிருந்து நிறுத்தியது. பெரியப்பாவின் சபை வேறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். பண்டிகைக்குப் போனால் அவர் அங்கே முழங்காலிட்டு வாங்கிக்கொண்டுதான் வருவார். யாரும் கேட்கவில்லை. கையை உடைத்தவர் தன் ஊரில் கமிட்டி மெம்பராக இருந்தார்.

பாளையங்கோட்டையில் படித்த மூன்று வருஷமும் பாப்பாத்தியம்மாள் கோயிலைத் தாண்டித்தான் போவேன். அதைக் கட்டியவள் குளோரிந்தா என்று ஞாயிறு பள்ளியில் படித்த பாடம் மட்டும் தெரியும். தஞ்சாவூரின் மராட்டியப் பிராமணப் பெண், கோகிலா, இளம் விதவை, மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றாள், கோயில் கட்டினாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பேச்சுப்போட்டிகளில் வருஷா வருஷம் வரும் கதை. கதைக்கு நடுவே ஒரு ஓட்டை இருப்பது கல்லூரி நூலகத்தில் மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவலைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாவல் கற்பனை கலந்தது. சபைச் சரித்திரப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் அந்த விஷயம் இருந்தது.

கோகிலாவை ஆதரித்தவர் லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார், செய்யவில்லை. ஆங்கிலமும் கிறிஸ்து மார்க்கமும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவள் தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டாள். கல்யாணமில்லாமல் ஓர் ஆணோடு வாழ்கிறாள் என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு லிட்டில்டனோடு பாளையங்கோட்டைக்கு வந்தாள். அவர் இறந்த பிறகு, 1778இல் ஷ்வார்ட்ஸ் அந்தப் பக்கம் வந்தபோதுதான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள், முதல் பெயர் அவளுடையது. 1785இல் அவள் முயற்சியால் எழுந்த கோயில் பிரதிஷ்டை ஆனது. திருநெல்வேலித் திருச்சபை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாம் அந்த நாற்பது பேரிலிருந்து வளர்ந்தது.

ஷ்வார்ட்ஸைக் குறை சொல்லிப் பக்கம் நிரப்பும் எண்ணம் எனக்கில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. தமிழையும் மராட்டியையும் கற்றுக்கொண்டு, இந்த மண்ணிலேயே செத்தவர். எனக்குத் தட்டுப்பட்டது வேறு. கல்யாணம் செய்யாமல் இருந்தது லிட்டில்டன். அவர் பிறப்பால் கிறிஸ்தவர், அவருடைய கிறிஸ்தவத்தை யாரும் தள்ளிவைக்கவில்லை. வாசலில் நின்றது அவள். ஒரு ஆண் செய்யாமல் விட்ட காரியத்துக்கான விலையை அவள் கட்டினாள், அவன் செத்த பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. இருநூறு வருஷம் கழித்து, முக்கால் மணி நேர பஸ் தூரத்தில், என் பெரியம்மா அதே கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷங்களில் நான் வேதத்தைச் சண்டைக்காக வாசித்தேன். பெரியம்மாவை நிறுத்தியதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம். அபாத்திரமாய்ப் பானம்பண்ணுவதைப் பற்றிப் பவுல் அங்கே எச்சரிக்கிறார். ‘அபாத்திரம்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் பெண்களுக்கு வயிறு கலங்கும். மாதவிலக்கு நாளில் கிராதிக்குப் போகாமல் இருந்துவிட்ட எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். எந்த ஐயரும் அப்படிச் சொல்லவில்லை, பாட்டிகள் சொல்லி வைத்தது. ஆனால் அந்த அதிகாரத்தை நாலு வசனம் முன்னால் போய் வாசித்தால் பவுல் எதற்குக் கோபப்படுகிறார் என்று தெரியும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். ஒருவர் பந்தியில் உட்காரும்போது இன்னொருவர் வெளியே நிற்பதுதான் அங்கே அபாத்திரம். எங்கள் ஊர் அசனத்தில் முதல் பந்தி எப்போதும் ஆண்களுக்கு. பெண்கள் உட்காரும்போது சாம்பாரில் கத்தரிக்காய் இருக்காது. பவுல் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன். “ஒனக்கு வாய் கூடிப்போச்சு” என்றாள்.

இன்னொன்று சமாரியப் பெண்ணின் கதை. யோவான் நான்காம் அதிகாரம். நான் கேட்ட அத்தனை பிரசங்கங்களிலும் அவள் விபச்சாரி. ஐந்து புருஷன்மார், இப்போது இருப்பவன் புருஷனில்லை. அவள் வெயில் நேரத்தில் தண்ணீருக்கு வந்ததே மற்றப் பெண்களின் கண்ணில் படாமல் இருக்கத்தான் என்று ஒரு ஐயர் அரைமணி நேரம் விளக்கினார். ஐந்து பேரும் செத்தார்களா, தள்ளிவிட்டார்களா என்று கதையில் இல்லை. மனைவியைத் தள்ளிவிடும் உரிமை ஆண் கையில் இருந்த காலம் அது. இயேசு அவள் வாழ்க்கையை அறிந்திருக்கிறார், அதைச் சொல்கிறார். ஆனால் அந்த நீண்ட உரையாடலில் பாவம் என்ற சொல்லே வருவதில்லை. இனி அப்படிச் செய்யாதே என்றும் சொல்லவில்லை, போய் அந்த ஆளோடு உள்ள விவகாரத்தை முடித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை. முதலில் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் குடத்திலிருந்து குடிப்பதில் அவருக்குத் தீட்டு இல்லை. பிறகு, தான் மேசியா என்பதை அவளிடம் சொல்கிறார். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள், அவள் சொல்லித்தான் ஊர் வருகிறது. கிருபை என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் கிருபை என்று பெயருள்ள பெண்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவள் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள். “அந்தம்மா கொடத்த அப்புறம் யாரு எடுத்தா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படிப்பு முடித்துச் சென்னைக்கு வேலைக்கு வந்தேன், கோயிலுக்குப் போவதை விட்டேன். பெரிய முடிவெல்லாம் எடுக்கவில்லை, ஒரு ஞாயிறு தூங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறும்.

2001இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. கொடுமை, கைவிடுதல் எதுவானாலும் அது ஒன்றே போதும் என்று ஆனது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவுகோல். கிறிஸ்தவப் பெண்களும் பெண்கள் அமைப்புகளும் பல வருஷம் கேட்டு வாங்கிய திருத்தம். பெரியம்மாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. நான்தான் வக்கீல் பிடித்தேன். 2003இல் விவாகரத்து, 2004இல் பதிவுத் திருமணம். பெரியப்பா வெள்ளை வேட்டியில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். அவர் மகளும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் அப்போதிருந்த ஐயரும் கமிட்டியில் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இனித் தடையில்லை, ஒரு சின்ன ஒழுங்கு மட்டும் இருக்கிறது என்றார்கள். திருவிருந்து ஆராதனையில் பெரியம்மா சபைக்கு முன்னால் நிற்க வேண்டும், ஐயர் வாசிப்பார், அவள் தவறை உணர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ரெண்டு நிமிஷம்.

“எந்தத் தப்புன்னு வாசிப்பீங்க ஐயா?” என்று கேட்டாள்.

“பொதுவாத்தாம்மா. சபை ஒழுங்குக்கு விரோதமா இருந்ததுன்னு.”

“என் கைய ஒடைச்சவரு எந்தக் கோயில்ல நின்னாரு?”

ஐயர் பேசவில்லை. கமிட்டியில் ஒருவர், அது அந்தச் சபையின் விஷயம் என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்கள். அது வெள்ளிக்கிழமை. அன்று ராத்திரி பெரியம்மா திராட்சையைக் கழுவி ஊறப்போட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இன்னும் எதுக்கு இவங்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கீங்க?”

“குடிக்கவங்க என்னட்டி செஞ்சாங்க? உங்கம்மா குடிக்கா. நீ குடிச்சே.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பதினைந்து வயதிலிருந்து ஊரைவிட்டு வரும்வரை மாதம் தவறாமல் அவள் பக்கத்திலிருந்து எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தவள் நான். என்னோடு திடப்படுத்தல் எடுத்த பெண்கள், அம்மா, பெண்கள் ஐக்கிய சங்கம் முழுதும் அப்படித்தான். ஒரே ஒரு மாதம் நாங்கள் யாரும் எழுந்திருக்காமல் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தால் கமிட்டி என்ன செய்திருக்கும்? அந்த யோசனை எங்கள் ஒருத்திக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை, புத்தகம் எல்லாம் வாசித்த பிறகும்.

2009இல் பெரியப்பா இறந்தார். அவருடைய சபைக் கடிதம் சுத்தமாக இருந்தது, அடக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, முழங்கால் வலியும் சர்க்கரையும் கூடியதும், பெரியம்மாவை நான் சென்னைக்குக் கூட்டி வந்தேன். வந்த முதல் வாரமே “கோயில் எங்கன இருக்கு?” என்றாள். ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கி, ஆராதனை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் இருக்கலாம் என்று நினைத்தேன். அவளால் படி ஏற முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே அல்தாரில் நின்றது ஒரு பெண். தென்னிந்தியத் திருச்சபையில் 1976இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மா பார்ப்பது அதுவே முதல்முறை. ஆராதனை முழுக்க வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் சந்தேகம், “இவங்கள என்னன்னு கூப்பிடணும்? ஐயரம்மான்னா ஐயரு பொண்டாட்டில்லா?” இங்கே ஆயரம்மா என்பார்கள் என்றேன். “அதுவும் அதேதாம்லா. அப்ப இவங்க வீட்டுக்காரர என்னம்பாங்க?” அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். 2013இல் நந்தியாலில் புஷ்பா லலிதா பேராயராக ஆனபோது தினத்தாளில் வந்த படத்தைக் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

ஆயரம்மா ஒரு நாள் வீடு சந்திக்க வந்தார். திருவிருந்தில் நீங்கள் உட்கார்ந்தே இருக்கிறீர்களே, முழங்கால் வலியா, நான் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார். பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நான் அதுவரை கேட்டிராத சிலதும் அதில் இருந்தது. ஆயரம்மா குறுக்கே பேசவில்லை.

“எத்தனை வருஷம்மா?”

“முப்பது.”

“அடுத்த தடவை வாங்க.”

“எழுத்து ஏதும் போடணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்.”

அடுத்த மாதம் பெரியம்மா எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான் வற்புறுத்தவில்லை, ஆனால் வீட்டில் ஒரு நாள் கேட்டேன். “அங்கன தந்திருக்கணும்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு உறைத்தது. சென்னையில் கிடைத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தைத்த விரிப்பு இருக்கும் அல்தார், அவள் பிடியரிசி போட்ட கோயில், அங்கே அவளுக்கு இன்னும் இல்லை.

நான்காவது மாதம், வரிசை பாதி போனபிறகு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்தாள். நான் அவசரமாகக் கையைப் பிடித்தேன். கிராதி வரைக்கும் கொண்டுபோய்விட்டு ஒதுங்கி நிற்கலாம் என்று எண்ணம். அவளால் தனியாக முழங்காலிட முடியவில்லை. அவள் பாரத்தைத் தாங்கி நானும் மண்டியிட வேண்டியதாயிற்று. ஆயரம்மா பெரியம்மாவுக்குக் கொடுத்தார், அடுத்தது என் முன்னால் வந்து நின்றார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கோயில் வாசல் மிதிக்காதவள். கையை நீட்டினேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து இடத்துக்கு வர நேரமானது. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் பெரியம்மா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது.

“சீனித்தண்ணியால்லா இருக்கு. யாருட்டி காய்ச்சுதா?”

கோயில் விட்டதும் வாசலில் ஆயரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டாள். கடையில் பாட்டிலாக வாங்குகிறோம் என்றார் ஆயரம்மா. பெரியம்மா முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த மாதம், முதல் ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, நான் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. வரும்போது அரைக்கிலோ உலர்திராட்சை வாங்கிட்டு வா, கறுப்பு, கொட்டை உள்ளதாப் பாரு, அந்தப் பச்சைத் திராட்சைய வாங்கிட்டு வந்துறாத. வடிகட்ட மல் துணி வேண்டும், புதுசு, துவைத்துக் காயப்போட நேரம் வேணும், அதனால இன்னைக்கே.